முதல் தடவை கவுன்சிலிங் போகிறவர்களுக்கு: நம் வாழ்க்கையை மதிக்கிற ஆலோசனை எப்படி இருக்கும்?

நீலகிரியில் மனசு சரியில்லை என்று நேராகச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு. தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் போவார்கள். ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, எல்லாம் நார்மல் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை அலைந்த பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு நர்ஸோ பள்ளிக்கூட டீச்சரோ, "ஒரு தடவை கவுன்சிலிங் போய்ப் பாருங்களேன்" என்பார். உடனே வயிற்றைக் கலக்கும். எனக்கென்ன பைத்தியமா? அங்கே போய் என்ன பேசுவது? வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லலாமா? சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

அந்தக் கேள்விகளோடு தயங்கி நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கவுன்சிலிங் என்று நாம் பொதுவாகச் சொல்வதை உளவியல் ஆலோசனை, உளசிகிச்சை என்றெல்லாம் எழுதுவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை உட்கார்ந்து, முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பேசுகிறோம். என்ன நடக்கிறது, எதை மாற்ற முடியும், எதை இப்போதைக்குத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம். மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் சிறப்புப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர். பதிவு எண்ணைக் கேட்டால் நல்லவர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார். கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள். இவர்கள் தவிர சமூகப்பணி படித்தவர்கள், மருத்துவமனைக் கவுன்சிலர்கள், பள்ளிக் கவுன்சிலர்கள் என்று பலர் இருக்கிறார்கள். நடைமுறையில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. அதனால் என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, "பண்பாட்டை மதிக்கிற ஆலோசனை" என்று தனியாக ஒன்று எதற்கு?

இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிற பேச்சுவழிச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானவை. அதிகம் பேசப்படுகிற சி.பி.டி. என்ற முறையை ஆரன் பெக் 1960-களில் பிலடெல்பியாவில் வடிவமைத்தார். மனத்தில் ஓடுகிற எண்ணங்களைக் கவனித்து, அவை உண்மைதானா என்று சோதித்து, நடத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிற முறை அது. நல்ல முறை, பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் அந்த முறைகள் மனத்தில் வைத்திருந்த ஆள் யார்? தனக்கென்று ஒரு அறை, தனக்கென்று ஒரு சம்பளம், தன் முடிவைத் தானே எடுக்கிற ஒருவர். கேத்திப் பள்ளத்தாக்கில் அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லோரும் ஒரே நிலத்தில் கேரட் போடுகிற வீட்டுப் பையனுக்கு, வேலையை விடுவதும் கல்யாணம் செய்வதும் அவன் ஒருவன் எடுக்கிற முடிவா? அவனிடம் போய் "உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் செய்யுங்க" என்று சொன்னால், வெளியே வரும்போது அவனுக்குக் குழப்பம்தான் கூடியிருக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன் 1970-களின் கடைசியில் ஒரு எளிய வழி சொன்னார். நோயாளியிடமே கேளுங்கள்: இது என்ன பிரச்சினை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எதனால் வந்தது, உங்களுக்கு இதில் பெரிய பயம் எது, என்ன சிகிச்சை தேவை என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் இந்தப் போக்கில் 16 கேள்விகள் கொண்ட ஒரு பேட்டி முறை சேர்க்கப்பட்டது. அதைச் சோதித்துப் பார்த்த 6 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதன் கடைசிக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மருத்துவரும் நோயாளியும் வேறு வேறு பின்னணியிலிருந்து வருவதால் சில நேரம் ஒருவரை ஒருவர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை, அப்படி ஒரு கவலை உங்களுக்கு இருக்கிறதா என்று அது கேட்கிறது. படித்தவர் நம்மைப் பார்த்து இப்படிக் கேட்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆக, ஆலோசகர் உங்கள் ஊர்க்காரராகவோ உங்கள் சமூகத்தவராகவோ இருந்தாக வேண்டும் என்று இல்லை. உங்களைப் பற்றித் தானாக முடிவுகட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்கிறவராக இருக்க வேண்டும். சில நேரம் சொந்தச் சமூகத்து ஆள்தான் "நம்ம வீடுகள்ல இதெல்லாம் சகஜம்தானே" என்று கேட்காமலே தாண்டிப் போய்விடுவார்.

முதல் நாள்

முதல் நாள் எப்படிப் போகும் என்று காட்ட ஒரு கற்பனை உதாரணம். பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிற, நாற்பதை நெருங்குகிற ஒரு பெண். கொழுந்து எடுக்கிற வேலை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் வருகிற நாளில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆலோசகர் அவரைவிட வயதில் இளையவர்.

"என்ன பண்ணுதுக்கா?"

"நெஞ்சு அடைக்குது மேடம். மலையில நின்னுக்கிட்டு இருக்கும்போதே கை நடுங்குது."

"இது எதனாலன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"நீங்க படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்."

"நான் அப்புறம் சொல்றேன். உங்க வீட்ல என்ன சொல்றாங்க?"

"மாமியா யாரோ செஞ்சு வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கயிறு மந்திரிச்சுக் கட்டுனாங்க."

"கட்டின பிறகு எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு நாள் நல்லாத் தூங்குனேன் மேடம்."

"நல்லது, கயிறு கையிலேயே இருக்கட்டும். மூணாம் நாள் என்ன ஆச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவாக வருகிறது: மூன்றாம் நாள் வீட்டுக்காரர், தான் ரிடையர் ஆவதற்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். ரிடையர் ஆனால் லைன் வீட்டை ஒப்படைக்க வேண்டும். மகன் திருப்பூரில் கம்பெனி வேலையில், இரண்டு பேரோடு ஒரு அறையில் இருக்கிறான். எங்கே போவது?

அந்த ஆலோசகர் செய்ததைக் கவனியுங்கள். செய்வினையைப் பற்றி வாதாடவில்லை. கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. கயிறு கட்டிய பிறகு என்ன நடந்தது என்று கேட்டு அதன் வழியாகவே வீட்டுக் கவலைக்கு வந்து சேர்ந்தார். இனி அவர் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: மாமியார் எங்கே பிறந்தவர்? 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பிய பல குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் வந்து சேர்ந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்களே உருவாக்கப்பட்டன. ஒரு தடவை வீட்டை விட்டுக் கப்பலேறியவரின் வீட்டில் "காலி பண்ணணும்" என்ற சொல் சாதாரணமாக விழாது. இது தெரியாத ஆலோசகர் அந்தப் பெண்ணின் பயத்தை அளவுக்கு மீறிய பயம் என்று குறித்துக்கொள்வார்.

உங்கள் முதல் நாளில் பெரிய அதிசயம் எதுவும் நடக்காது. பெயர், வயது, வேலை, வீட்டில் யார் யார், தூக்கம், பசி, குடிப்பழக்கம் உண்டா, முன்பு எங்கே காட்டினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சில இடங்களில் 9 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதில் ஒரு கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. அதிர்ச்சியடைய வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். அப்படித் தோன்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, சொல்வதால் உங்கள் மேல் வழக்கும் வராது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்கு அரசு உதவ வேண்டும் என்றுதான் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

எந்த மொழியில் அழுவது

நீலகிரியில் இது பெரிய விஷயம். வீட்டில் படுக மொழி பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, ஆபீஸில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பேச்சு உண்டு. கூடலூர் பக்கம் மலையாளமும் சேர்ந்துகொள்ளும். கணக்கு வழக்கைத் தமிழில் பேசிவிடலாம்; அம்மா சாகும்போது கடைசியாகச் சொன்னதை வேறு மொழியில் சொல்லும்போது, சொன்னவருக்கே அது யாருடைய கதையோ போலக் கேட்கும்.

உங்கள் மொழி தெரிந்த ஆலோசகர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், "முதல்ல எங்க பேச்சில சொல்லிடறேன், அப்புறம் தமிழ்ல சொல்றேன்" என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் சரி என்பார். சொற்கள் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் குரல் உடைகிறது என்பதைக் கவனிப்பார். மொழிபெயர்க்க வீட்டு ஆளை உட்கார வைக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. அம்மாவின் துக்கத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தமிழாக்கிச் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் கொடுமை, அம்மாவும் பாதியை விழுங்கிவிடுவார். கூடலூரில் 1990 முதல் நடக்கிற ஆதிவாசி மருத்துவமனை தங்கள் சமூகத்துப் பெண்களையே நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்ததற்குப் பின்னால் இந்த நியாயமும் இருக்கிறது.

நாக்குக்கு மட்டும் உரியதில்லை மொழி. பெரியவர் முன்னால் கண்ணைப் பார்த்துப் பேசாமல் தலையைக் குனிந்துகொள்வது நமக்கு மரியாதை. புத்தகத்தில் மட்டும் படித்த ஆலோசகர் அதை மனச்சோர்வின் அடையாளம் என்று எழுதிவிடலாம். "எங்க ஊர்ல பெரியவங்க முன்னாடி இப்படித்தான் இருப்போம்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சாமியும் சிகிச்சையும்

கோயிலுக்குப் போகிறேன், தர்காவில் ஓதினேன், சர்ச்சில் ஜெபம் செய்தார்கள், ஹெத்தையம்மனுக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், மனநோய்க்காகக் கோயிலில் வந்து தங்கியவர்களைப் பெங்களூரிலிருந்து போன மனநல மருத்துவர்கள் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கிய அந்த 31 பேருக்கு, கோயிலில் மாத்திரை எதுவும் கொடுக்காமலே, நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அடித்து விரட்டாமல், அன்பாக நடத்தி, காலையில் சின்னச் சின்ன வேலை கொடுத்து வைத்திருந்த இடம் அது. அந்த ஆதரவுதான் வேலை செய்திருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் நம் மாநிலத்துக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் எந்த வடிவத்திலும் அனுமதிப்பதில்லை.

என் கருத்து இதுதான்: தூங்க வைக்கிற வேண்டுதல் இருக்கட்டும், கையில் கயிறும் இருக்கட்டும். அடிக்கிற, சூடு போடுகிற, பட்டினி போடுகிற, கட்டி வைக்கிற, மாத்திரையை நிறுத்தச் சொல்கிற எவரிடமும் போக வேண்டாம். ஆலோசகரிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று முதல் நாளே உங்களை அடக்குகிற ஆலோசகரிடம், இரண்டாம் நாள் நீங்கள் எதையும் சொல்லப் போவதில்லை. குரல் கேட்பது, யாரோ துரத்துகிறார்கள் என்ற உறுதி, பல நாள் தூங்காமல் ஓயாமல் பேசுவது போன்றவை இருந்தால் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டார் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம்

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பண்பாடு என்ற பெயரில் அதிகம் தவறு நடக்கிற இடம் இதுதான்.

வீட்டார் கூட வருவது நம் வழக்கம், அது பலம்தான். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1950-களிலிருந்தே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குகிற முறை இருக்கிறது. தனியாகத்தான் வர வேண்டும் என்று ஒரு ஆலோசகர் கறாராக நின்றால் நம் ஊரில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பொதுவாக நடப்பது இப்படி: முதல் பத்து நிமிடம் எல்லோரும், பிறகு நீங்கள் மட்டும், கடைசியில் நீங்கள் சம்மதித்தால், நீங்கள் சம்மதித்த விஷயங்கள் மட்டும் வீட்டாரிடம். நடுவில் உள்ள அந்தத் தனி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மாமியாரோ அண்ணனோ "எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு" என்று எழுந்திருக்காவிட்டால், அவர்களை வெளியே உட்காரச் சொல்வது ஆலோசகரின் வேலை. உங்கள் மேல் பழி வராமல் அவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது "அனுசரிச்சுப் போங்க" என்ற வாக்கியம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் வாய் திறக்கிறார். ஆலோசகர், "நம்ம கலாசாரத்துல பொம்பளைங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்கிறார். இது பண்பாட்டை மதிப்பது ஆகாது. அடிக்கிறவனுக்கு வக்காலத்து வாங்குவது. பண்பாடு என்பது வீட்டில் குரல் ஓங்கியவர் சொல்வது மட்டுமா? அந்தப் பெண்ணும் அதே ஊரில், அதே சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவர்தானே? பொறுத்துப் போகச் சொன்ன பாட்டி இருந்த அதே தெருவில், மகளை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்த அப்பாவும் இருந்திருப்பார். எந்த உறவை விட முடியாது, எதற்குப் பயம், யார் பக்கம் நிற்பார்கள், பிரிந்தால் ஊர் என்ன சொல்லும், அதைத் தாங்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முடிவை அவரிடமே விடுகிறவர்தான் நல்ல ஆலோசகர். உடனே வீட்டை விட்டு வெளியேறு என்று தள்ளுவதும் சரியில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பாதுகாப்பு முதலில். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் பற்றியும் அவர் சொல்லித்தர வேண்டும்.

சாதி மாறிய காதல், கல்யாணத்தில் விருப்பமில்லாமை, ஆணுக்கு ஆண் மேல் ஈர்ப்பு போன்றவற்றிலும் இதே அளவுகோல்தான். ஆலோசகர் உங்களை வீட்டாரின் விருப்பத்துக்குத் திருப்பி அனுப்புகிற தூதர் இல்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

மலையில் இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் காலையில் நீங்கள் யாரோடு நின்றீர்கள் என்று சாயங்காலம் உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) தெரிந்துவிடும். ஆலோசகரே உங்கள் நாத்தனாரோடு படித்தவராக இருக்கலாம்.

சட்டப்படி நீங்கள் பேசியது ரகசியம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அதை உரிமையாகவே தருகிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை, நீதிமன்ற உத்தரவு. இவற்றை ஆலோசகர் முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதோடு நடைமுறைக் கேள்விகளையும் கேளுங்கள். குறிப்பு நோட்டு எங்கே இருக்கும்? யார் படிப்பார்கள்? போன் செய்யும்போது வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வீர்கள்? சந்தையில் எதிரே பார்த்தால்? நல்ல ஆலோசகர்கள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள்: வெளியே பார்த்தால் அவர் முதலில் பேச மாட்டார், நீங்கள் பேசினால் சாதாரணமாகப் பேசுவார், கூட இருக்கிறவருக்கு எப்படிப் பழக்கம் என்று விளக்க மாட்டார். குன்னூர்க்காரர் ஊட்டிக்கும் ஊட்டிக்காரர் கோயம்புத்தூருக்கும் போவதில் தவறே இல்லை. போனில் பேசுவதும் ஒரு வழிதான், ஆனால் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். சிக்னல் கிடைக்கிற, ஆள் இல்லாத இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"வாக்கிங் போங்க"

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வீட்டில் செய்ய ஏதாவது சொல்வார்கள். மனச்சோர்வில் முடங்கியவரைச் சின்னச் சின்னச் செயல்கள் வழியாக மறுபடி நடமாட வைப்பது நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 6 முதல் 8 அமர்வுகளில் இந்த முறையில் ஆலோசனை தரவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு அது பலன் தந்தது என்று 2017-ல் லான்செட் இதழில் வெளியானது.

ஆனால் எந்தச் செயல் என்பதுதான் கேள்வி. "தினமும் காலையில ஆறு மணிக்கு வாக்கிங் போங்க" என்று கோயம்புத்தூரில் இருந்து வீடியோவில் சொல்கிறார் ஒருவர். கேட்பவர் இருப்பது கூடலூர் பக்கத்து ஓவேலியில். விடியற்காலையில் பாதையில் யானை நிற்கும். ஜூலை மாதமாக இருந்தால் மழை நாள் கணக்கில் விடாது. "தனி அறையில பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்க" என்றால் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். "டைரி எழுதுங்க" என்றால் கணவர் எடுத்துப் படிப்பார், அல்லது எழுதவே தெரியாது. இப்படி முடியாமல் போனதும் நாம் என்ன செய்கிறோம்? 'செஞ்சேன் மேடம்' என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் போகாமல் நின்றுவிடுகிறோம். தோற்றது நாம்தான் என்று வேறு நினைத்துக்கொள்கிறோம்.

அங்கேயே சொல்லுங்கள்: "மேடம், எங்க பக்கம் யானை வரும், காலையில வெளிய போக முடியாது." அதைக் கேட்டதும் ஆலோசகர் திட்டத்தை மாற்ற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயல் வரப்பில் நடப்பது, பக்கத்து வீட்டு அக்காவோடு தண்ணீர் எடுக்கப் போவது, கொழுந்து எடுக்கும்போது ஒரு நிரை முடியும் வரை மூச்சை மட்டும் கவனிப்பது, விட்டுப்போன மகளிர் குழுக் கூட்டத்துக்கு மறுபடி போவது என்று அவரவர் வாழ்க்கையிலிருந்தே எடுக்கலாம். நீங்கள் சொல்லும் இந்தத் திருத்தங்கள்தான் சிகிச்சையை உங்களுக்கு உரியதாக்குகின்றன. "ஊட்டியில இருக்கீங்க, உங்களுக்கு என்ன டென்ஷன்" என்று கேட்கிறவருக்கு இங்கே வாழ்வது வேறு, இரண்டு நாள் வந்து போவது வேறு என்று புரிய வைக்க வேண்டியும் வரலாம்.

இன்னும் சில, வேகமாக.

நாம் பொதுவாக ஆலோசகரிடம் எதிர்பார்ப்பது புத்திமதி. "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்போம். அவர் சொல்லாமல் திருப்பிக் கேட்கும்போது, காசு வாங்கிக்கொண்டு நம்மையே பேச விடுகிறாரே என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலை அவரிடமே சொல்லலாம். நம் பழக்கம் தெரிந்தவர் முதல் சில வாரங்கள் தெளிவான யோசனைகள் சொல்லி, பிறகு மெல்ல மெல்ல உங்களிடம் விடுவார்.

இரண்டாம் மூன்றாம் தடவைக்குப் பிறகு மனசு முன்பைவிடக் கனமாக இருக்கலாம். பல வருஷம் மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பெரிய பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருங்கள். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை தடவை என்பது பிரச்சினையைப் பொறுத்தது. பலருக்கு 6-லிருந்து 20-க்குள் முடியும். ஏறக்குறைய நாலாவது தடவையில் "நாம எங்க வந்திருக்கோம்" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் அது தோல்வி இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தோட்டத்துப் பிளம்ஸோ, ஒரு பை கேரட்டோ ஆலோசகருக்குக் கொண்டுபோக ஆசை வரும். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் விதி என்று மறுப்பார்கள். மறுத்தால் அவமானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மூன்று தடவை போன பிறகும் அவர் முன் வாய் திறக்கவில்லை என்றால், உங்கள் சமூகத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ மட்டமாக ஒரு வார்த்தை வந்தால், நீங்கள் சொன்னது வீட்டாருக்குப் போய்ச் சேர்ந்தால், ஆளை மாற்றுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எங்கே தொடங்குவது? மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு எந்த நாளில் எந்த ஊரில் நடக்கிறது என்று புற நோயாளிகள் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கேளுங்கள், கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு வாக்கியத்தை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: "எனக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லைங்க, யார்கிட்ட பேசணும்னு தெரியல." மீதியை எடுத்தவர் கேட்டுக்கொள்வார்.